வாடகைக்கு மேல பிடிச்ச 1053 ரூபாயை திருப்பித் தாங்க

வணக்கம் சார் / மேடம்,

இது நாலாவது மெயில். முதல் மூணுக்கும் 'உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது'ன்னு ஒரே பதில்தான் வந்துச்சு, இதையாவது யாராச்சும் வாசிச்சுப் பாருங்க.

தக்கலைல நாங்க இருக்குற வீட்டுக்க ஓனர் மஸ்கட்ல இருக்காரு. முன்னாடி மாசம் 5ஆம் தேதி அவருக்க அம்மா கையில 8500 ரூபாய் குடுத்தா போதும், கட்டன் சாயாவும் கிடைக்கும். வாடகை வாங்குற பொறுப்ப அவரு உங்க கம்பெனிகிட்ட குடுத்த பிறகு ஆப்ல மட்டும்தான் கட்டணுமாம். கட்டப் போனா 8650 ரூபாய் 45 பைசா காட்டுது. ஒன்றரை பர்சன்ட் கன்வீனியன்ஸ் ஃபீயாம், அந்த ஃபீக்கு 18 பர்சன்ட் ஜிஎஸ்டி வேற. ஏழு மாசமா இதே கத. 11 மாச அக்ரிமென்ட்ட வரிவரியா பாத்துட்டேன், இப்படி ஒரு ஃபீ எங்கயும் இல்ல.

கிரெடிட் கார்டுல கட்டினா ஃபீ உண்டு, சரி, ஒத்துக்கிறேன். நான் கட்டுறது யூபிஐல. 2020 ஜனவரில இருந்து யூபிஐக்கு எம்டிஆர், அதாவது பணம் வாங்குறவங்ககிட்ட பேங்க் பிடிக்கிற கட்டணம், கிடையாதுன்னு உங்களுக்குத் தெரியாதா, ஆப் நடத்துறது நீங்கதான? பெட்டிக்கடைல பத்து ரூபாய்க்கு பழம் வாங்கி ஸ்கேன் பண்ணாக்கூட பத்து ரூபாய்தான் போகுது.

கஸ்டமர் கேர்ல 'அது பேங்க் பிடிக்கிறது'ன்னாங்க. லீவு போட்டு பேங்குக்குப் போனேன், ஸ்டேட்மென்ட்ட பாத்துட்டு 'மொத்தமும் அந்த கம்பெனிக்குத்தான் போயிருக்கு, நாங்க ஒரு பைசா எடுக்கல'ன்னு சொல்லிட்டாங்க. சரி நேர்லயே கேப்போம்னு மழையில பஸ் ஏறி, பார்வதிபுரத்துல முக்கா மணி நேரம் பிளாக்குல கிடந்து, வடசேரில இறங்கி உங்க ஆபீசுக்கு நடந்து வந்தா, அங்க இருந்த தம்பி போன்ல இருந்து தலைய தூக்காமலே 'நூத்தம்பது ரூபாய்க்கா இவ்ளோ தூரம் வந்தீங்க?'ன்னு கேக்குறான். எனக்கு அவனுக்க அம்மா வயசு இருக்கும், ஒரு சேர் காட்டல. பக்கத்துல இருந்த பொண்ணு சிரிக்குது. எனக்கு அந்த சிரிப்புதான் இன்னும் ஆறல. உங்களுக்கு நூத்தம்பது, எனக்கு அது ஒரு வாரத்துக்கு மீன் வாங்குற காசு. இதுல லீவு போட்ட ரெண்டு நாள் சம்பளம், பஸ் காசு, பிரஷர் கூடினது, எல்லாம் சேத்தா பத்தாயிரம் வரும், அத யாரு தருவா?

உங்ககூட சண்ட போடணும்னு எனக்கு ஒண்ணும் ஆசை இல்ல. 1053 ரூபாய் 15 பைசாவ 15 நாளுக்குள்ள அக்கவுண்ட்ல போட்டுட்டு, ஃபீ இல்லாம கட்ட ஒரு வழி காட்டுங்க, ரொம்ப நன்றியா இருக்கும். இல்லேன்னா நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு கூப்பிட்டு சொல்லிட்டு, நாகர்கோவில் நுகர்வோர் கோர்ட்டுக்கு நேரா போவேன். அஞ்சு லட்சம் வரைக்கும் அங்க கேஸ் போட கட்டணமே இல்ல. கன்வீனியன்ஸ் ஃபீயும் இல்ல.

பதில எழுத்துல அனுப்புங்க. போன்ல அந்த தம்பிய பேச விடாதீங்க.

இப்படிக்கு,
தக்கலையிலிருந்து உங்க வாடகைக்காரி