சார்ஜ் ஆபீஸ் மேசையிலிருந்து தொடங்குங்கள்

டர்பன் வட்டாரக் காவல் நிலையத் தலைவர்களுக்கும் சமூகக் காவல் மன்றப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

போலீசுக்கும் மக்களுக்கும் இடையே நம்பிக்கை வளர வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறீர்கள். கால்பந்துப் போட்டி நடத்துகிறீர்கள். காவடித் திருவிழாவுக்கு வந்து மாலை வாங்கிக்கொள்கிறீர்கள். நல்லதுதான். ஆனால் நம்பிக்கை போவது மைதானத்திலும் இல்லை, கோயிலிலும் இல்லை. நிலையத்தில் புகார் வாங்கும் சார்ஜ் ஆபீஸ் மேசையில் போகிறது. (தமிழில் எழுதக் காரணம், இதை முதலில் படிக்க வேண்டியவர்கள் மன்றத்தில் உட்கார்ந்திருக்கும் நம்மவர்கள். நிலையத் தலைவர்களுக்கு ஆங்கிலப் பிரதி தனியாக வரும்.)

வீடு உடைத்துத் திருட்டு என்று வருகிறவர் கையில் ஒரு துண்டுச் சீட்டு. அதில் ஓர் எண். அவர் வழக்குப் பதிவாகிவிட்டது என்று நம்பி வீட்டுக்குப் போகிறார். பல நேரம் அது வெறும் ஓ.பி. எண்; நிலையத்தின் நிகழ்ச்சிப் பதிவேட்டில் விழுந்த ஒரு வரி. அதைக்கொண்டு டாக்கெட் (வழக்குக் கோப்பு) திறக்காது, விசாரணை அதிகாரியும் வரமாட்டார். வழக்கு எண் என்றால் நிலையத்தின் பெயர், சி.ஏ.எஸ். என்ற எழுத்துகள், பிறகு வரிசை எண், மாதம், ஆண்டு என்று வரும். மூன்று வாரம் கழித்து அவர் போன் செய்யும்போது "அப்படி ஒரு கேஸே இல்லையே" என்பார்கள். அன்றோடு அந்தத் தெரு முழுவதும் போலீசுக்குப் போன் செய்வதை நிறுத்திவிட்டு செக்யூரிட்டி கம்பெனியைக் கூப்பிடத் தொடங்கும். எண் கொடுக்கும்போதே "இது ஓ.பி., இது கேஸ்" என்று வாய்விட்டுச் சொல்ல ஒரு நிமிடம் ஆகுமா?

அடுத்தது ஸ்டேட்மென்ட். வீட்டில் ஜூலு பேசும் கான்ஸ்டபிள், பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாகப் பேசும் ஆயா (பாட்டி) சொல்வதைக் கேட்டு, ஆங்கிலத்தில் எழுதுகிறார். "கையை முறுக்கித் தாலிக்கொடியை அறுத்துக்கொண்டு போனான்" என்பது தாளில் "சங்கிலி எடுக்கப்பட்டது" என்று ஆகிறது. கை முறுக்கியது காணாமல் போனதும் கொள்ளை வெறும் திருட்டாகச் சுருங்கிவிடும். பதிவாகும் குற்றமே வேறு. டாக்கெட்டுக்குக் கிடைக்கும் கவனமும் வேறு. பிறகு நீதிமன்றத்தில் ஆயா உண்மையைச் சொன்னால், "ஸ்டேட்மென்டில் இது இல்லையே" என்று எதிர்த்தரப்பு வக்கீல் அவரைப் பொய்க்காரியாக்குவார். ஆகவே எழுதியதை வரிவரியாகத் திரும்பப் படித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்கக் கூடாது. பலம் பிரயோகித்தானா, ஆயுதம் இருந்ததா, அவன் போன திசை எது, யார் பார்த்தார்கள் என்ற நான்கு கேள்விகளைக் கேட்காமல் பேனாவை மூடக் கூடாது. வீட்டுக்கு வந்தபின் ஏதாவது நினைவுக்கு வந்தால் கூடுதல் ஸ்டேட்மென்ட் கொடுக்கலாம். அதுவும் டாக்கெட்டில் வாக்குமூலங்கள் இருக்கும் ஏ பகுதியில் சேரும். இதை மக்களுக்கு யாரும் சொல்வதில்லை.

வீட்டுக்குள் அடி வாங்கி வரும் பெண்ணிடம் "முதலில் கோர்ட்டுக்குப் போய் ஆர்டர் வாங்கி வா" என்பது சட்டப்படி தவறு. 1998-ஆம் ஆண்டின் 116-ஆம் எண் குடும்ப வன்முறைச் சட்டம், அவருக்கு உதவுவதையும், தங்க இடமும் மருத்துவமும் கிடைக்க வழி செய்வதையும், உரிமைகளை விளக்குவதையும் போலீசின் கடமையாக வைத்திருக்கிறது. கோர்ட் தரும் பாதுகாப்பு ஆணையும் குற்ற வழக்கும் தனித்தனி. இரண்டையும் ஒரே நாளில் தொடங்கலாம். "குடும்ப விஷயம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவைப்பதில் நம் பெரியவர்களுக்கும் பங்கு உண்டு என்பதை மறைக்கத் தேவையில்லை.

2021 ஜூலைக் கலவரத்தையும் சூறையாடலையும் பேசாமல் இந்த மடல் முடியாது. போலீஸ் வராத அந்த நாட்களில் தெருமுனைகளில் தடுப்பு எழுந்தது, துப்பாக்கி வெளியே வந்தது. நம்மவர்கள் அதிகம் வாழும் பீனிக்ஸில் 36 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பக்கத்துக் குடியிருப்புகளின் கறுப்பின மக்கள். கடைகளையும் வீட்டையும் காக்க நின்றவர்களின் பயம் உண்மை. ஆனால் சாலைத்தடுப்பு போடும் அதிகாரம் போலீசுக்குத்தான், அதுவும் பொதுவாகத் தேசிய அல்லது மாகாண போலீஸ் ஆணையரின் எழுத்து அனுமதியோடு. தெருவில் தன்னார்வமாக ரோந்து போகிறவருக்குச் சோதனை போடும் உரிமை இல்லை. யாரையாவது பிடித்தால் உடனே போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். ஆரஞ்சு ஜாக்கெட் போட்டுவிட்டாலே போலீஸ் ஆகிவிட்டதாக நினைக்கும் இளைஞர்களுக்கு இதைப் பயிற்சியாகச் சொல்லிக்கொடுப்பது மன்றத்தின் வேலை. இன்னும் முக்கியம்: பக்கத்துக் கறுப்பினக் குடியிருப்புகளான பம்பாயியிலோ அமாவோட்டியிலோ இருப்பவர்கள் இல்லாமல் கூடும் மன்றம், பாதிப் பேரை எதிரியாக வைத்துக்கொண்டு பாதுகாப்பு பேசுகிறது.

போலீஸ்காரரே அடித்தார் என்ற புகார் வந்தால் அந்த நிலையத்திலேயே சமாதானம் பேசக் கூடாது. 2011-ஆம் ஆண்டின் சட்டப்படி, சுயேச்சையான போலீஸ் விசாரணை இயக்ககமான ஐபிட்டுக்கு உடனே தெரிவித்து, 24 மணி நேரத்துக்குள் எழுத்தில் அறிக்கை அனுப்ப வேண்டும். காவலில் மரணம், துப்பாக்கிச் சூடு, சித்திரவதைப் புகார் எல்லாம் இதில் அடங்கும். மரியாதைக்குறைவு, அலைக்கழிப்பு போன்றவை அங்கே போகாது. அவை நிலையத் தலைவரிடமும் மாகாண அலுவலகத்திடமும் போகும். இந்த வேறுபாட்டைத் தமிழிலும் ஜூலுவிலும் ஆங்கிலத்திலும் ஒரு பலகையில் எழுதி, கைதிகள் அறைக்குப் பக்கத்தில் இல்லாமல் வாசலில் மாட்டுங்கள்.

அடுத்த மன்றக் கூட்டத்தை வேலைநாள் காலை 10 மணிக்கு வைக்காமல், சாயங்காலம் 6.30-க்கு வையுங்கள். அந்த மாதம் கொடுத்த ஓ.பி. எண்கள் எத்தனை, அவற்றில் வழக்கானவை எத்தனை என்ற இரண்டு எண்ணிக்கைகளோடு வாருங்கள்.

இப்படிக்கு,
சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் குடியிருப்பாளர்கள் சிலர்