சபாஷை நிறுத்திவைத்த அக்காவுக்கு

கல்வராயன் மலை ஊர்களுக்கும், வானொலிப் பாடத்துக்குத் தோள் கொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

பாதை திறந்துவிட்டது. அங்கன்வாடிகளில் மறுபடி பிள்ளைச் சத்தம் கேட்கிறது. அவை பூட்டிக் கிடந்த மாதங்களில் பிள்ளைகளுக்கு ரேடியோவில் பாடம் நடத்தினோம்; அந்த மாதங்களைப் பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. நன்றியைச் சொல்லிவிடுகிறோம், ஆறிப்போவதற்குள்.

முதலில் ஓர் அங்கன்வாடி உதவியாளர் அக்காவுக்கு. பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தன் வீட்டுத் திண்ணையில் 3, 4 வயதுப் பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் கேட்கவைத்தார். அதோடு விடாமல், காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் குறிப்பெழுதிப் பால் வண்டியில் கொடுத்தனுப்பினார். அவரிடம் யாரும் கேட்கவில்லை. முதல் தாளில் ஒரே வரி: “பையன் எழுந்து நிற்பதற்குள் ரேடியோ சபாஷ் சொல்லிவிடுகிறது.”

வானொலிப் பாடத்தில் பேச்சைவிட இடைவெளிதான் வேலை செய்கிறது. கேள்வி கேட்டுவிட்டு ரேடியோ வாயை மூடிக்கொள்ள வேண்டும். பிள்ளை பதில் சொல்லும், தட்டும், எடுத்து வைக்கும். நிகரகுவாவில் 1974-ல் கணக்குப் பாடத்தை இப்படித்தான் தொடங்கினார்கள். ஜாம்பியாவில் 2000-த்தில், பள்ளிக்குப் போக முடியாத பிள்ளைகளை ஒரு ரேடியோவையும் ஊர்க்காரர் ஒருவரையும் வைத்தே படிக்கவைத்தார்கள். இடைவெளி குறைந்துபோவது எங்கும் வரும் கோளாறுதான். ஒலிப்பதிவு அறையில் பெரியவர்கள் தங்கள் வேகத்தில் அளப்பதே காரணம்.

அக்காவின் தாள்களை வைத்து அளவுகள் மாறின. எல்லோரும் சேர்ந்து ஒரு சொல் சொல்ல 3 விநாடி. மூக்கைத் தொட, காதைத் தொட 5. ஐந்து பொருளை எண்ணி எடுத்து வைக்க 15. வட்டமாக எழுந்து நிற்க 20 விநாடிகூடப் போதாது. அங்கே ஒரு பாட்டைப் போட்டுவிடுவதே மேல். நீண்ட இடைவெளியை வெறுமையாக விட்டால் வேறு வம்பு. நிலையம் நின்றுவிட்டதென்று பாட்டி டயலைத் திருகுவார். ஒலிபரப்பு மென்பொருளும் மௌனத்தைக் கோளாறாக எடுத்துக்கொண்டு அடுத்த பாட்டுக்குத் தாவக்கூடும். அதனால் இப்போது அடியில் உடுக்கைச் சத்தம் மெல்ல ஓடுகிறது.

இரண்டாவது தாள் இன்னும் பெரிய உதவி. பாடத்தில் எண்ணப் புளியங்கொட்டை. “கொட்டை மூக்குக்குள் போகும். மக்காச்சோளத் தக்கையை விரல் நீளத்துக்கு நறுக்கி வைத்திருக்கிறேன்” என்று எழுதியிருந்தார். எண்ணும் பொருள் இந்த வயதில் வாய்க்குள்ளோ மூக்குக்குள்ளோ அடங்கக் கூடாது. இப்போது எல்லா ஊரிலும் தக்கைதான். ஆளுக்கு 5 துண்டு, அதற்கு மேல் வேண்டாம்.

மற்றவர்களுக்குச் சேர்த்தே சொல்கிறோம். தகரக் கூரைக்குள் இரைச்சல்தான் வரும் என்று செட்டுகளை ஜன்னலோரம் நகர்த்தி, ஏரியல் ஒடிந்தவற்றுக்கு 75 செ.மீ. ஒயரைச் செங்குத்தாகத் தொங்கவிட்ட ரிப்பேர் கடைக்காரருக்கு. டயலில் நிலையம் வரும் இடத்தில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிய பெண்களுக்கு. சமுதாய வானொலியின் 100 வாட் ஒலிபரப்பு எட்டாத மலைமடிப்பு ஊர்களுக்குப் பாடத்தை மெமரி கார்டில் கொண்டுபோன தம்பிகளுக்கு. சத்துமாவு நேரத்தோடு மோதாமல் பாடத்தை 11 மணிக்குத் தள்ளிய நிலையத்தாருக்கு.

இனி எந்தப் பாடமும் ஒரு திண்ணையில் ஓடிப் பார்க்காமல் ஒலிபரப்பாகாது. கடைசிப் பிள்ளை பதில் சொல்லி முடிக்கும் நொடியே அளவு. கெட்டிக்காரப் பிள்ளையை வைத்து அளந்தால், பேச்சு மெதுவாக வரும் பிள்ளையை ரேடியோ தினமும் முந்திக்கொண்டே இருக்கும். கெட்டிக்காரர்களுக்குச் சலிக்கும்தான். சலிக்கட்டும், அவர்களுக்குத் தாளம் போட உடுக்கை இருக்கிறது.

அக்கா, மழைக்காலப் பாடங்கள் பதிவாகிவிட்டன. கார்டு அடுத்த பால் வண்டியில் வருகிறது. கேட்டுவிட்டுத் தாள் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
வானொலிப் பாடக் குழுவினர்