தாகத்துக்குத்தா

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. அப்பாவும் நானும் சுகம்.

உனக்குக் கால் முறிந்து பதினோரு நாள் கழித்து, அதுவும் மாப்பிள்ளை குவைத்திலிருந்து வாய் தவறிச் சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. மாவுக்கட்டோடு ஒற்றைக் காலில் நின்று சமைக்கிறாயாம். பிள்ளையை வேனில் ஏற்ற இரண்டு மாடி இறங்குகிறாயாம். கேட்டால், "கர்த்தர் பார்த்துக்கொள்வாரும்மா, யாருக்கும் தொந்தரவு வேண்டாம்" என்று போனை வைத்துவிடுகிறாய். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து வேளாவேளைக்குச் சொட்டு மருந்து விட வேண்டும். இல்லையென்றால் நேற்றே பெங்களூருக்கு பஸ் ஏறியிருப்பேன். கடிதம் என்றால் நடுவில் வெட்ட முடியாதே, அதனால் எழுதுகிறேன்.

கர்த்தர் பார்த்துக்கொள்வார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. யார் கையைக் கொண்டு பார்த்துக்கொள்வார் என்று யோசித்தாயா?

உனக்கு அப்போது இரண்டு வயசு. எனக்கு மஞ்சள் காமாலை. அப்பாவுக்கு வெளியூரில் வேலை. மூன்று நாள் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபம் பண்ணினேன். என்ன ஜெபம் தெரியுமா? நான் வாய் திறக்காமலே யாராவது உதவிக்கு வர வேண்டும் என்று. விசுவாசம் என்று நினைத்தேன், வெறும் வீம்பு. எதிர்வீட்டு அக்காவோடு குழாயடியில் சண்டை போட்டு ஆறு மாசமாகப் பேச்சில்லை. சபையில் சொன்னால் வீட்டில் ஒன்றுமில்லை என்று தெரிந்துவிடுமே என்ற பயம் வேறு. மூன்றாம் நாள் பார்த்தால், நீ பானைக்குள் கையை விட்டுப் புளித்துப்போன சோற்றை அள்ளித் தின்றுகொண்டிருந்தாய். சுவரைப் பிடித்துக்கொண்டே எதிர்வீட்டு வாசலுக்குப் போய், "அக்கா, கொஞ்சம் கஞ்சி வேணும்" என்றேன். "ஏட்டி, இத்தனை நாள் வாயில என்ன வச்சிருந்த?" என்று திட்டிக்கொண்டே வந்து உன்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பதினைந்து நாள் நம் இருவருக்கும் அவள் வீட்டுக் கஞ்சிதான்.

வேதத்தில் யோவான் 4-ஆம் அதிகாரம் அதற்கப்புறம்தான் எனக்குப் புரிந்தது. யூதர்கள் சமாரியரோடு சம்பந்தம் கலவாதவர்கள். அப்படியிருக்க, கிணற்றடிக்குத் தண்ணீர் மொள்ள வந்த சமாரிய ஸ்திரீயிடம் ஆண்டவர் இயேசு உபதேசத்தை ஆரம்பிக்கவில்லை. "தாகத்துக்குத்தா" என்றுதான் பேச்சை ஆரம்பித்தார். யார் கையில் தண்ணீர் வாங்கிக் குடிக்கலாம் என்று கணக்குப் பார்த்த ஊர்ப்பக்கத்தில் வளர்ந்த நமக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். பவுலைப் பார். காவலில் இருந்துகொண்டு தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார்: துரோவாவில் கார்ப்பு வசம் வைத்துவிட்டு வந்த மேலங்கியை எடுத்துக்கொண்டு வா, மாரிகாலத்துக்கு முன் வந்து சேர். குளிருக்கு ஒரு அங்கி வேண்டும் என்று சொல்ல அப்போஸ்தலனுக்கே கூச்சமில்லை.

நீ உடனே டோனாவூரில் பிள்ளைகளை எடுத்து வளர்த்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மாவை இழுப்பாய், மனுஷரிடம் பணம் கேட்காதவர்கள் என்று. சரி. ஆனால் 1931-ல் கீழே விழுந்து கால் முறிந்ததிலிருந்து 1951-ல் இறக்கும்வரை, கிட்டத்தட்ட இருபது வருஷம், பெரும்பாலும் அறைக்குள்ளேயேதான் இருந்தார்கள். தான் எடுத்து வளர்த்தவர்களே தன்னைக் கவனித்துக்கொள்ள இடம் கொடுத்தார்கள். உனக்கு ஆறு வாரம்தானே.

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை சபையில், "என் காலுக்காக ஜெபியுங்கள்" என்று சொல்லிவிட்டு, யாராவது சாப்பாடு கொண்டு வருகிறார்களா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்காதே. அதற்குப் பெயர் ஜெப விண்ணப்பம் இல்லை, ஜாடை. நானும் நிறைய விட்டிருக்கிறேன். நேராகக் கேள். ஒரு வேளைக்குக் குழம்பு வேண்டும், காலையில் பிள்ளையைக் கீழே கொண்டுபோய் விட வேண்டும், கட்டுப் பிரிக்கும்வரை. முடியாது என்பவர்களும் இருப்பார்கள். அவர்கள் வீட்டில் என்ன பாடோ, நமக்குத் தெரியாது. அதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த வாரம் முகத்தைத் திருப்பாதே. கேட்பதைவிட இதற்குத்தான் அதிகத் தாழ்மை வேண்டும். எனக்கு இன்னும் முழுசாக வரவில்லை.

உன் பிள்ளைக்கு அடிக்கடி தோசை கொடுப்பாள் என்பாயே, அந்தப் பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மா, முதலில் அவளிடம் கேள். இந்தக் கடிதம் கையில் கிடைத்த அன்றைக்கே. அவள் வைக்கிற சாறு இனிக்கும் என்று சொல்வாய். பரவாயில்லை, ஊற்றிச் சாப்பிடு.

ஜெபத்துடன்,
அம்மா