பணம் இல்ல தம்பி, பண ஆசை

அன்புள்ள தம்பிக்கு,

மூணு ஞாயிறா நீ சபைக்கு வரல, நீ வாசிக்கிற கீபோர்டு சும்மா கெடக்கு. துணி போட்டு மூடி வெச்சிருந்தாங்க, போன வாரம் யாரோ ஒரு ஆண்ட்டி அது மேல பூ ஜாடிய வெச்சிட்டு போயிட்டாங்க, எனக்கு சிரிப்பும் வந்துச்சு கஷ்டமாவும் இருந்துச்சு. பாட்டு ப்ராக்டிஸ்ல நீ சின்ன புள்ளைங்கள பாத்து ரொம்ப கத்துறன்னு நம்ம சபை அங்கிள் சொன்னாரு, அதுவும் எல்லார் முன்னாடியும் சொன்னாரு. சொன்ன விதம் தப்புதான், அத அவர்கிட்டயே சொல்லிட்டேன். ஆனா சொன்ன விஷயம்? அத பத்தி நீ இன்னும் வாயே தொறக்கலியேடா.

என் கதைய கேளு. எட்டு வருஷம் முன்ன இங்க பினாங்கு ஆயர் ஈத்தாம் ஃப்ளாட்ல வீட்டு ஜெபம், அன்னிக்கு செய்தி நான்தான். "பணம் எல்லா தீமைக்கும் வேர்னு வேதமே சொல்லுது"ன்னு கைய தூக்கி ஒரே போடா போட்டேன். முடிஞ்சதும் மீ கோரேங் தட்ட கையில வெச்சிட்டு நிக்கிறேன், பாசார்ல அப்பம் சுட்டு விக்கிற ஆண்ட்டி மெதுவா கிட்ட வந்து "பணம் இல்ல தம்பி, பண ஆசை. 1 தீமோத்தேயு 6:10 பாருங்க"ன்னாங்க. சட்டி சூட்டுல விரல் நுனியெல்லாம் கறுத்து போயிருக்கும் அவங்களுக்கு. "பணமே தீமைன்னா என் மைலோ டின்ல கெடக்குற சில்லறைய எங்க கொண்டுபோயி கொட்டுறது?"ன்னு சிரிச்சாங்க வேற.

நான் சிரிக்கல. வீட்டுக்கு போயி பைபிள தொறந்தா அவங்க சொன்னதுதான் சரி, அப்பயும் கோவம் எறங்கல, இன்னும் ஏறிச்சு. ரெண்டு மாசம் அந்த கடை பக்கம் போகாம மோட்டோவ சுத்திக்கிட்டு ஓட்டுனேன். இத்தனைக்கும் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரில புது மெஷின் வந்தப்ப 22 வயசு பையன் சொல்லிக்குடுத்தான், நோட்டு போட்டு எழுதிக்கிட்டேன், ஒரு வெக்கமும் இல்ல. சபைக்குள்ள வந்தா மட்டும் கழுத்து வளைய மாட்டேங்குது.

"வணங்காக் கழுத்துள்ள ஜனங்கள்"னு யாத்திராகமம் 32:9ல வருதே, நுகத்தடிக்கு குனியாத மாடு மாதிரிதான் அது. இயேசு மத்தேயு 11:29ல "என் நுகத்தை" ஏத்துக்க சொல்லிட்டு அதே மூச்சுல "என்னிடத்தில் கற்றுக்கொள்ளுங்கள்"ங்கிறாரு. நான் ரொம்ப வருஷமா அந்த வசனத்துல இளைப்பாறுதல்ங்கிற வார்த்தைக்கு மட்டும் அடிக்கோடு போட்டு வெச்சிருந்தேன்.

ஆதி சபை காலத்துல போதிச்ச அப்பொல்லோவ பாரு, பைபிள்ல அப்போஸ்தலர் 18. வேதாகமங்கள்ல வல்லவன்னு பேர் வாங்குனவன், எபேசு ஜெப ஆலயத்துல தைரியமா பேசுறான், ஆனா அவனுக்கு தெரிஞ்சது இயேசுவுக்கு முன்ன வந்த யோவான் குடுத்த ஸ்நானம் மட்டும்தான். அத கண்டுபுடிச்சது யாரு? கூடாரம் பண்ற ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும். அவங்க ஆலயத்துலயே எழுந்து நின்னு மானத்த வாங்கல பாரு, தனியா சேத்துக்கிட்டு இன்னும் திட்டமா வெவரிச்சாங்க. நம்ம அங்கிளுக்கு இதத்தான் சொன்னேன். ஆனா உனக்கு நான் காட்டணும்னு நெனச்சது வேற, அப்பொல்லோ அதுக்கு என்ன பதில் பேசுனான்னு அங்க ஒரு வார்த்த கூட இல்ல. அடுத்த வசனத்துல அகாயாவுக்கு போக கெளம்பிட்டான், அங்க விசுவாசிகளுக்கு ரொம்ப உதவியாவும் இருந்தான். பின்னாடி பவுலே "நான் நட்டேன், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினான்"னு எழுதுறாரு. கூடாரம் தைக்கிறவங்க எனக்கு சொல்றதான்னு மொறச்சிக்கிட்டு போயிருந்தா யாரு தண்ணி ஊத்தியிருப்பா?

ரெண்டு மாசம் கழிச்சு ஒரு நாள் மழை, அப்பக்கடை தார்ப்பாய்க்கு அடியிலதான் ஒதுங்க எடம். வேற வழியில்லாம "ஆண்ட்டி, அன்னிக்கு நீங்க சொன்னது சரிதான்"னேன். "எதுப்பா?"ன்னாங்க. மறந்தே போச்சு அவங்களுக்கு! நான் மட்டும் தூக்கிக்கிட்டு அலைஞ்சிருக்கேன்.

சனிக்கிழமை காலைல ஏழு மணிக்கு உன் ஃப்ளாட் கீழ மோட்டோவோட நிப்பேன், அப்பம் சாப்ட்டுட்டு அப்படியே ப்ராக்டிஸ் போயிடலாம். அந்த புள்ளைங்க கிட்ட என்ன பேசுறதுன்னு நீ யோசிச்சிட்டு வா. பூ ஜாடிய நான் எடுத்து வெச்சிடுறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்