சும்மா இருக்கும் ஆண்களுக்கு ஒரு மடல்

என் வயது அப்பாக்களுக்கும் கணவர்களுக்கும் வணக்கம்.

திட்டப் போகிறேன் என்று நினைத்துப் பாதியில் மூடிவிடாதீர்கள். திட்டு விழுந்தால் முதலில் எனக்குத்தான்.

எனக்குப் பிடித்த சுகங்கள் எல்லாமே சின்னவை. ஞாயிறு மதியம் கதவைச் சாத்திக்கொண்டு போடும் குட்டித் தூக்கம், அவசரமே இல்லாமல் பழைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டு குளிப்பது, மழை வந்தால் சன்னலோரம் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பது. காசு கேட்காத சுகங்கள் என்று இருபது வருடமாகப் பெருமை பேசியிருக்கிறேன். காசு கேட்கவில்லைதான், ஆனால் அவற்றுக்கான நேரத்தை வீட்டில் இன்னொருவர் தன் கணக்கிலிருந்து கொடுத்துக்கொண்டிருந்தார் என்பது, மாமியாருக்கு அறுவை சிகிச்சை என்று மனைவி 11 நாள் போயிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

வேலை அதிகம் என்று சொல்ல வரவில்லை, அதை எல்லோரும் சொல்லியாகிவிட்டது. என்னைத் தோற்கடித்தது வேறு. எந்தச் சுகமும் முழுசாக வரவில்லை. படுத்தால் உடம்பு தூங்கியது, காது தூங்கவில்லை. துணி துவைக்கும் மெஷின் நின்றுவிட்டதா, மாடியில் காயும் துணியை எடுத்தோமா, நாளைக்கு மகன் பள்ளிக்குக் கொண்டுபோக வேண்டிய சார்ட் வாங்கியாயிற்றா, வாசலில் யார்? இதையெல்லாம் யாரும் என்னை நினைக்கச் சொல்லவில்லை. ஆனால் நான் நினைக்காவிட்டால் நினைக்க வேறு ஆளில்லை. நாலாம் நாள் மனைவியின் தலைமாட்டில் ஒரு நாவலைப் பார்த்தேன். 43ஆம் பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு பழைய பேருந்துச் சீட்டு. சீட்டில் இருந்த தேதி போன வருடத்தது.

நம் பேச்சில் ‘சும்மா’ என்று ஒரு வார்த்தை இருக்கிறதே, அதைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். வேலைக்குப் போகாத பெண்ணைப் பற்றி யாராவது கேட்டால் “வீட்டில் சும்மாதான் இருக்கிறாள்” என்கிறோம். நாள் முழுக்க ஓடிக்கொண்டிருப்பவளுக்கு அந்தப் பெயர். உண்மையிலேயே சும்மா இருக்கும் நமக்கோ ‘ஓய்வெடுக்கிறார், தொந்தரவு பண்ணாதே’. சும்மா இருப்பதே சுகம் என்று பெரியவர்கள் சொன்னது சரிதான், அந்தச் சுகத்தை யாருக்குப் பங்கு வைத்தோம் என்பதில்தான் எனக்குக் கேள்வி.

இது என் வீட்டுக் கதை மட்டுமில்லை. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 64 நாடுகளின் நேரக் கணக்கெடுப்புகளை வைத்து 2018இல் ஒரு கணக்குப் போட்டது. சம்பளமில்லாத வீட்டு வேலைக்கும் பராமரிப்புக்கும் பெண்கள் சராசரியாக ஒரு நாளைக்கு 4 மணி 25 நிமிடம் கொடுக்கிறார்கள், ஆண்கள் 1 மணி 23 நிமிடம். நடுவில் இருக்கும் மூன்று மணி நேரத்தில்தான் என் குட்டித் தூக்கம் இருந்தது. “நாங்கள் வெளியே உழைக்கவில்லையா” என்பீர்கள். உழைக்கிறோம். ஆனால் அலுவலகத்துக்கு ஒரு மூடும் நேரம் இருக்கிறது, வீட்டுக்கு அப்படி ஒன்று கிடையாது. அப்புறம், அவர்களில் பலரும் வெளியே உழைத்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, மகனிடம் “அக்கா பாத்திரம் கழுவுகிறாள் பார், போய் உதவி பண்ணு” என்றேன். மகள் திரும்பிப் பார்த்து, “உதவியா? அப்போ இது என் வேலையாப்பா?” என்று கேட்டாள். பதில் சொல்ல வாய் வரவில்லை. இரண்டு பேரையும் ஒரே மாதிரிதான் வளர்க்கிறோம் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன் நான், ஒரே பள்ளி, ஒரே சைக்கிள், எல்லாம் சரி, இந்த ஒரு சொல்லைக் கோட்டை விட்டுவிட்டேன்.

1948இல் ஐ.நா. மனித உரிமைப் பிரகடனம் எழுதியபோது முதல் பிரிவில் ‘எல்லா ஆண்களும்’ என்று படிக்க இடம் தரும் ஆங்கிலச் சொல்தான் முதலில் இருந்தது, இந்தியாவின் பிரதிநிதியாக இருந்த ஹன்சா மேத்தா என்ற பெண்மணி வாதாடி அதை ‘எல்லா மனிதர்களும்’ என்று மாற்ற வைத்தார். அதே பிரகடனத்தின் 24ஆவது பிரிவு ஓய்வும் பொழுதுபோக்கும் எல்லோருடைய உரிமை என்கிறது. வீட்டுக்குள் அது இன்னும் வந்து சேரவில்லை, நானும் வழிவிடவில்லை.

மனைவி திரும்பி வந்ததும் நான் செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாக ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “11 நாளுக்குப் பாராட்டு விழா வைக்கணுமா?” என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார், ஆனாலும் குத்தியது.

இப்போது ஞாயிறு மதியம் கதவு அவருக்கு. முதல் சில வாரங்கள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே வந்து “என்ன சத்தம்?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். காதை மூடப் பழக அவருக்கும் நாளாகிறது. போன ஞாயிறு நான் மாடிச் சாவியைத் தேடி அரை மணி நேரம் வீட்டையே கவிழ்த்தேன். வழக்கமாக இருந்தால் உள்ளே பார்த்துக் கத்தியிருப்பேன். கத்தவில்லை. கடைசியில் என் சட்டைப் பையிலேயே இருந்தது. சாயங்காலம் அவர் எழுந்து வந்த பிறகு நாவலை எடுத்துப் பார்த்தேன், பேருந்துச் சீட்டு 118ஆம் பக்கத்தில் இருந்தது.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்