அடுத்த ட்ரெய்னிங்க தோட்டத்துல வைங்க

பள்ளிக்கூட வேளாண் ஆசிரியர்களுக்குப் பயிற்சித் திட்டம் போடுற எல்லாருக்கும் வணக்கம்.

போன தடவை 3 நாள் ட்ரெய்னிங்குக்குக் கூப்பிட்டிருந்தீங்க, வந்தேன், 3 நாளும் ஹால்ல உக்காந்து கேட்டேன், சர்டிஃபிகேட்டும் வாங்கிட்டேன். திரும்பி ஸ்கூலுக்குப் போனா நாத்தங்கால்ல தக்காளி நாத்து பாதிக்கு மேல தலை சாஞ்சு கெடக்கு. தண்ணி ஊத்துறோம் மிஸ்னு சொன்ன பசங்க முதல் நாள் ஊத்தியிருக்காங்க, ரெண்டாவது நாள் பரீட்சை, மூணாவது நாள் மறந்தே போச்சு. அவங்களத் திட்டவும் மனசு வரல. ஏன்னா அந்த 3 நாளும் நான் பாத்துட்டு இருந்த ஸ்லைடுல ஒண்ணோட தலைப்பு "நாற்றங்கால் பராமரிப்பு".

பாடம் எடுக்க வந்தவங்களக் குறை சொல்லல, விஷயம் தெரிஞ்சவங்கதான். ஆனா எங்க பாடத்துல கேள்வி போர்டுல இருந்து வராது, செடியப் புடுங்கி கையில வச்சிருக்குற புள்ளைகிட்ட இருந்து வரும். ஹால்ல கத்துகிட்டது அந்த இடத்துல கை குடுக்க மாட்டேங்குது, நான் சொல்ல வந்தது இவ்வளவுதான், மிச்சமெல்லாம் இதுக்கு விளக்கம்.

பயறு வகைச் செடியோட வேர் முடிச்சுல ரைசோபியம் பாக்டீரியா இருக்கு, அது காத்துல இருக்குற நைட்ரஜனப் புடிச்சு செடிக்குக் குடுக்குதுன்னு வருஷக்கணக்கா சொல்லிட்டு வரேன். ஒரு நாள் தோட்டத்துல ஒரு பொண்ணு முடிச்ச பிளேடால ரெண்டா வெட்டிட்டு வந்து "மிஸ், என்னோடது உள்ள வெள்ளையா இருக்கு, அவளோடது சிவப்பா இருக்கு, எது நல்லது?"ன்னு கேட்டா. நான் அதுவரைக்கும் ஒரு முடிச்சக்கூட வெட்டிப் பாத்ததில்ல, இத எழுதவே கூச்சமா இருக்கு. நாளைக்குச் சொல்றேன்மான்னு சமாளிச்சு அனுப்பிட்டேன். அப்புறம் வயல் வேலையில பழம் தின்னு கொட்டை போட்ட ஒருத்தர்கிட்ட கேட்டா பத்தே நிமிஷத்துல சொல்லி முடிச்சுட்டார்: உள்ள ரோஸ் இல்லன்னா சிவப்பா இருந்தா முடிச்சு வேலை செய்யுது, அந்த நிறம் லெக்ஹீமோகுளோபினால வருது, நம்ம ரத்தத்துல இருக்குற ஹீமோகுளோபினுக்கு சொந்தக்காரன் மாதிரி, நைட்ரஜனப் புடிக்கிற என்சைம் ஆக்ஸிஜன் பட்டா கெட்டுப்போகும், அதனால ஆக்ஸிஜன அளவா வச்சுக்குறது இதோட வேலை. வெள்ளையா இருந்தா இன்னும் வேலைய ஆரம்பிக்கல, இல்லன்னா அந்த பாக்டீரியா ரகமே சரியில்ல. பச்சையாயிட்டா அதோட காலம் முடிஞ்சுபோச்சு. யூரியாவ அள்ளிப் போட்ட பாத்தியில முடிச்சே கம்மியா இருக்கும், உக்காந்த இடத்துல சாப்பாடு கெடச்சா செடி ஏன் மெனக்கெடப் போகுதுன்னு சிரிச்சார். ஒரு பிளேடு, நாலு செடி, பத்து நிமிஷம். 3 நாள் ட்ரெய்னிங்ல இதுக்கு எடம் இல்லாமப் போச்சே!

நல்லது நடந்ததையும் சொல்லணும்ல. ரொம்ப வருஷம் முன்னாடி ஒரு ட்ரெய்னர் எங்கள வெளிய கூட்டிட்டுப் போயி தரையில 10 மீட்டருக்கு 10 மீட்டர் கயிறு கட்டி, முதுகுல மாட்டுற ஸ்பிரேயர்ல வெறும் தண்ணிய அளந்து ஊத்தி, நீங்க எப்பவும் அடிக்கிற மாதிரியே அடிங்கன்னு விட்டார். முடிச்சதும் டேங்க்ல மிச்சத்த அளந்தா ஒருத்தர் 3 லிட்டர் அடிச்சிருக்கார், வேகமா நடக்குற ஆளு. பூ மாதிரி அடி எடுத்து வச்ச இன்னொருத்தர் 5 லிட்டர். ஹெக்டேருக்குப் போட்டா ஒண்ணு 300, ஒண்ணு 500. லிட்டருக்கு இவ்ளோ மில்லின்னு ரெண்டு பேரும் ஒரே மாதிரி கலந்தாலும் ஒருத்தர் வயலுக்கு மூணுல ரெண்டு பங்கு மருந்து கூடப் போயிருக்கும். அப்புறம் நாசிலுக்கு அடியில அளவு ஜாடிய புடிச்சு ஒரு நிமிஷம் ஓடவிட்டு, புது நாசிலவிட 10 சதவீதத்துக்கு மேல கூட ஊத்துனா தேஞ்சுபோச்சு, மாத்திடுங்கன்னார். அன்னைல இருந்து ஒவ்வொரு வருஷமும் என் பசங்களுக்கு இத செஞ்சு காட்டுறேன். அந்த ட்ரெய்னிங்ல குடுத்த ஃபைல் எங்க இருக்குன்னு கேட்டா சத்தியமா தெரியாது.

பாதுகாப்பு பத்தி ஒண்ணு, கோவமாவே சொல்றேன். கடைசி நாள் மத்தியானம் எல்லாரும் பஸ் டைம் பாத்துட்டு இருக்கும்போது அரை மணி நேரத்துல ஓட்டி முடிக்கிற விஷயமா அது? டிராக்டர் பிடிஓ ஷாஃப்ட், அதான் டிராக்டர் இன்ஜின் சக்தியால மத்த மிஷின ஓட்டுற தண்டு, நிமிஷத்துக்கு 540 சுத்து, அதாவது ஒரு செகண்டுக்கு 9. ஒரு பையனோட சட்டை நுனி மாட்டுச்சுன்னா நான் "டேய்"னு கத்தி முடிக்கிறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும். அந்தப் பையனுக்குப் பொறுப்பு நான்தான். ஷாஃப்ட்ட மூடுற பாதுகாப்பு உறை இல்லாத வண்டிய எப்படி மறுக்கணும், 40 பேருக்கு 6 மம்முட்டி இருந்தா மிச்சம் 34 பேர என்ன செய்ய வைக்கணும், இதையும் யாராவது சொல்லிக் குடுக்கணும்ல. வேளாண் டிகிரி படிச்சு வந்தவங்களுக்கு கிளாஸ மேய்க்கத் தெரியாது, பயாலஜியில இருந்து மாத்தி விடப்பட்ட என்ன மாதிரி ஆளுக்கு மம்முட்டி பிடிக்கத் தெரியாது, ரெண்டு பேருக்கும் ஒரே ஸ்லைடு போட்டா எப்படி.

நான் ஒண்ணும் புதுசா கேக்கல. இந்தோனேசியாவுல பூச்சி மருந்து அடிக்க அடிக்க நெல்லுல சாறு உறிஞ்சுற புகையான் பூச்சிதான் பெருகுச்சு, அதத் தின்னுற சிலந்தியும் வண்டும் முதல்ல செத்துப் போனதால. 1986ல நெல்லுக்கு 57 மருந்துகளத் தடை பண்ணாங்க, 1989ல ஐநாவோட உணவு வேளாண் அமைப்பு உதவியோட உழவர் வயல்வெளிப் பள்ளிய ஆரம்பிச்சாங்க. வாரம் ஒரு தடவ, சீசன் முழுக்க, வயல்லயே கூடுவாங்க. செடியப் பாத்து பெரிய பேப்பர்ல வரைவாங்க, ஒரு பக்கம் கெடுதல் பூச்சி, இன்னொரு பக்கம் நன்மை பூச்சி, அதப் பாத்துட்டு இந்த வாரம் என்ன செய்யலாம்னு அவங்களே முடிவெடுப்பாங்க. எனக்குப் புடிச்சது என்னன்னா, அங்க ட்ரெய்னரா வர்றவங்களும் ஒரு சீசன் முழுக்க தானே நெல்ல வளர்த்துப் பழகிட்டுதான் வரணும்.

எங்களுக்கு முழு சீசன் குடுக்க முடியாது, புரியுது. அதே 3 நாளப் பிரிச்சுக் குடுங்க. விதைக்கிறப்போ ஒரு நாள், பூக்குறப்போ ஒரு நாள், அறுக்குறப்போ ஒரு நாள். நடுவுல யாராவது ஒரு தடவ எங்க தோட்டத்துக்கு வந்து நான் கிளாஸ் எடுக்குறதப் பாருங்க, மார்க் போட இல்ல, அந்தப் பொண்ணு மாதிரி யாராவது கேள்வி கேக்கும்போது பக்கத்துல நிக்க. நாங்க வர்ற நாள்ல ஸ்கூல்ல தண்ணி ஊத்த, குஞ்சுகளுக்குத் தீனி வைக்க ஒரு ஆளு ஏற்பாடு பண்ணச் சொல்லி ஹெட்மாஸ்டருக்கு ஒரு லெட்டர் போடுங்க, அது உங்க லெட்டர்ஹெட்ல வந்தாதான் நடக்கும், நான் கேட்டா நடக்காது.

அடுத்த சர்க்குலர் அடிக்கும்போது நோட்டு பேனா கொண்டு வரவும்னு போடுற எடத்துல இதையும் சேத்துருங்க: அவங்கவங்க ஸ்கூல் தோட்டத்துல பல எடத்துல 15 செ.மீ. ஆழத்துக்கு 'வி' மாதிரி குழி வெட்டி, ஓரத்த மட்டும் மேல இருந்து கீழ வரைக்கும் சீவி எடுத்து, கலந்து, நாலாப் பிரிச்சு, எதிர் எதிர் ரெண்டு பங்கத் தள்ளி, மண் பரிசோதனைக்கு எடுக்குற மாதிரி அரை கிலோ மண்ணு. கூடவே அழுக்கானா பரவாயில்லன்னு ஒரு செட் துணி.

இப்படிக்கு,
நாத்த மறுபடியும் விதைச்சிருக்குற ஒரு வேளாண் டீச்சர்