அது குதிரைக் கால், ஐயா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘நொண்டும் மாடுகளுக்கும் இனி மூட்டு மாற்று அறுவை சிகிச்சை’ என்று போன ஞாயிறு இதழில் போட்டிருந்தீர்கள். நாய்க்கு இடுப்பு மூட்டு மாற்றுகிறார்கள், சரி. நாயைச் சில வாரம் கட்டிப்போட்டுக் காப்பாற்றலாம். நானூறு கிலோ பசு நாளுக்குப் பத்துத் தடவை படுத்து எழும். எழும்போது பின்பக்கத்தைத்தான் முதலில் தூக்கும். சாணியிலும் மூத்திரத்திலும் படுக்கிற உடம்புக்குள் உலோகத்தை வைத்தால், ஆட்டம் காணாமலும் சீழ் பிடிக்காமலும் இருக்குமா? தாங்கள் அறியாததல்ல.

மாட்டு வைத்தியத்தில் நடப்பதே வேறு. குளம்பு மூட்டில் சீழ் வைத்தால் மூட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, எலும்போடு எலும்பு ஒட்ட விடுகிறோம். இல்லையென்றால் அந்தக் குளம்பையே எடுத்துவிடுகிறோம். மாட்டுக்குக் காலுக்கு இரண்டு குளம்பு; பக்கத்துக் குளம்பு பாரம் தாங்கும். பின்னங்கால் முட்டிச் சில்லு மேலே ஏறி மாட்டிக்கொண்டு, எழுந்ததும் காலைப் பின்னுக்கு நீட்டி இழுக்கிற மாட்டுக்கு மரப்பு ஊசி போட்டு, சின்னக் கீறல் வழியே, சில்லைப் பிடித்திருக்கும் மூன்று நார்களில் உட்பக்க நாரை அறுத்தால் போதும், எழுந்து நடந்துவிடும். தவறி நடு நாரை அறுத்தால் கால் போச்சு. அரைகுறையாக அறுத்தால் பழைய இழுப்புதான்.

நொண்டலில் பெரும்பங்கு மூட்டிலேயே இல்லை. குளம்பில், அதுவும் பின்னங்காலின் வெளிக்குளம்பில். லாடம் அடிப்பவர் இருந்தவரை குளம்பையும் சீவிவிடுவார். வண்டி மாடு போயிற்று, அவரும் போனார். ஆண்டுக்கு இரண்டு முறை சீவ வேண்டும். முன்பக்கம் மயிர் வரம்பிலிருந்து நுனிவரை மூன்று அங்குலம் விட வேண்டும். அதற்கும் குறைத்தால் அடிப்பாகம் மெலிந்து புண்ணாகும். புண் வந்துவிட்டால் நல்ல குளம்பின் அடியில் மரக்கட்டை ஒட்டி, புண் குளம்பு தரையில் படாமல் ஒரு மாதம் வைத்தால் பெரும்பாலும் ஆறிவிடும். இதை எழுத உங்களுக்கு இடம் கிடைத்ததே இல்லை.

பசுவுக்குக் குண்டான் நிறையப் பொங்கல் ஊட்டும் படத்துக்கு மட்டும் ஆண்டுதோறும் முதல் பக்கம்! அந்தச் சோறும், கல்யாண மண்டப வாசலில் கொட்டும் மிச்சமும் வயிற்றில் புளித்து அமிலமாகிக் குளம்புக்குள் இருக்கும் சதையைக் கெடுக்கும். வாரக்கணக்கில் கழித்து மாடு நொண்டும்போது பொங்கலை யார் நினைக்கிறார்கள்?

உங்கள் கேள்வி-பதில் பகுதியிலோ மாட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக். கால்நடைக்கு அது 2006இலேயே தடை. அந்த மருந்து உடம்பில் இருக்கும்போதே செத்த மாட்டைத் தின்றுதான் பாறு கழுகுகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. கழுகைக் கொல்லாத வலிமருந்து மெலாக்சிகம்; அதை எழுதக் கூடுதல் மை செலவாகாது.

போகட்டும். கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லவில்லை. ‘நோயுற்ற பசுவின் கால்’ என்று நீங்கள் போட்ட படத்தில் ஒற்றைக் குளம்பு இருக்கிறது. அது குதிரைக் கால். அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம் போட்டால் போதும்.

இப்படிக்கு,
கால்நடை மருத்துவர் (ஓய்வு),
வேப்பேரி, சென்னை